ரி.வி.யில வந்த கை

பதினேழு வயசுப் பெடியன் ஒருத்தனைப் பாத்து, தலையில பாதி மயிர் போன மனுசன் எரிச்சல்படலாமோ எண்டு கேட்டால், படக்கூடாதுதான். நான் பட்டனான். அதுவும் வேற ஆற்றையோ பிள்ளை இல்லை, என்ர சகலன்ர மகன். அவன்ர தாய் என்ர மனுசியின்ர அக்கா. கலியாணவீடு, பிறந்தநாள் எண்டால் மைக்கைப் பிடிச்சுப் பகிடி விடுறது நான்தான். சகலன் சபையில வாய் திறக்காத மனுசன், சாப்பாடு எப்பிடி எண்டு கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். மகன் பேஸ்போல் பந்து எறியத் தொடங்கினாப் பிறகு மைக் எல்லாம் அவரைத் தேடிப் போகத் தொடங்கிச்சுது.

பேஸ்போல் தெரியாத ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். நடுவில ஒரு மண்மேட்டில ஒருத்தன் நிண்டு பந்து எறிவான். அவன் பிச்சர். அடிக்கிறவனுக்குப் பின்னால ஒருத்தன் முகத்தில இரும்பு மாஸ்க்கும் நெஞ்சில கவசமும் போட்டுக் குந்தியிருந்து அந்தப் பந்தைப் பிடிப்பான். அவன் கச்சர். எறியிறவன் சகலன்ர மகன். பிடிக்கிறவன் என்ர மகன். ரெண்டு பேரும் ஒரே ரீம், கியூபெக்கில, ஆற்றுக்கு அங்கால லொங்குய்யில இருக்கிற ஒரு பார்க்கில விளையாட்டு. நாங்கள் இருந்தது பியர்பொன்ட்ஸில. புவாண்ட்-கிளேர் வேர்ஹவுஸில வேலை முடிச்சு, மகனை ஏத்திக்கொண்டு, பாலத்தில ட்ராபிக்குக்க நிண்டு நிண்டு நான் ஆற்றைக் கடந்து போய்ச் சேர, சகலன் தன்ர வீட்டில இருந்து செருப்போட நடந்து வந்து முன்வரிசையில இருப்பார்.

அது எங்கட நகரத்தின்ர பெரிய பேஸ்போல் ரீம் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச வருஷம். பேப்பர்காரருக்கு எழுத ஆள் இல்லை. ஹொக்கியும் கோடை காலத்தில இல்லை. கதிரை வெறுமையாக் கிடந்தது, அதில எங்கட பெடியனைத் தூக்கி இருத்திப்போட்டாங்கள். முதல் ஒரு பிரெஞ்சுப் பேப்பர் "தெற்குக் கரையின்ர இடிமுழக்கம்" எண்டு அரைப்பக்கம் போட்டுது. அடுத்த கிழமை இங்கிலிஷ் பேப்பர். அவன் காலைமை என்ன சாப்பிடுறவன் எண்டு ஒருத்தன் எழுதினான். புட்டு எண்டு எழுதி, அது என்னெண்டு விளக்க ஒரு பந்தி. நானும்தான் பிறந்த நாளில இருந்து புட்டுத் தின்னிறன், ஒருத்தரும் வந்து கேக்கேல்லை.

எல்லாத்திலயும் படம் ஒண்டுதான். அவன் காலைத் தூக்கி, கையைப் பின்னால வளைச்சு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிப்பான். படத்தின்ர ஓரத்தில ஒரு கையுறை தெரியும். அது என்ர மகன். ஒரு பேப்பரில கையுறையோட முழங்காலும் வந்தது. அதை நான் வெட்டி வைச்சன்.

தமிழ்ப் பேப்பர்காரர் கடைசியா வந்தாலும் சும்மா வரேல்லை. முழுப்பக்கம், "உலகை உலுக்கப்போகும் தமிழன் வலக்கரம்". சுத்தவர வாழ்த்து விளம்பரங்கள். வீடு விக்கிறவர், இன்சூரன்ஸ் செய்யிறவர், கலியாண மண்டபக்காரர் எல்லாரும் தங்கட தங்கட படத்தைப் பெடியன்ர படத்தை விடப் பெரிசாப் போட்டிருந்தினம். பெரியப்பா, மாமா, மச்சான் எண்டு சொந்தக்காரர் எல்லாற்ற பேரும் இருந்தது. என்ர பேர் "மற்றும் உறவினர்கள்" எண்டதுக்குள்ள இருந்தது.

பேந்து ரேடியோ. வாய் திறக்காத என்ர சகலன் நேயர்களுக்குச் சொல்லுறார், "பிள்ளைக்கு உது என்னட்டை இருந்து வந்தது. நான் ஊரில எல்லே விளையாடின ஆள்." எல்லே எண்டது எங்கட நாட்டில பேஸ்போலுக்கு ஒண்டுவிட்ட தம்பி மாதிரி ஒரு விளையாட்டு. தடியால அடிச்சுப்போட்டு ஓடுறது. நானும் சகலனும் ஒரே பள்ளிக்கூடம். அவர் விளையாடினது உண்மைதான். பந்து பனை வடலிக்குள்ள போனால் எடுத்து வாறது அவர்.

நான் ரேடியோவை நிப்பாட்டினன். மனுசி சொன்னா, "உங்களுக்கு வயிறு எரியுது."

"எனக்கேன் எரியுது? இவன் எறியிறதை ஒருத்தன் பிடிக்காட்டி அது பேஸ்போலோ? வீதியில கல் எறியிறதுதான். அதைக் கேக்க ஒரு ரேடியோ இல்லை."

"உதைத்தான் எரியிறது எண்டு சொல்லுறது."

என்ர மகனுக்கு எரியேல்லை. எனக்கு எரிஞ்சது அதாலயும் கூடத்தான். காரில வரேக்க கேட்டன், "தம்பி, உன்ர முகம் ஒரு பேப்பரிலயாவது வரோணும் எண்டு உனக்கு ஆசை இல்லையோ?"

"கச்சரை ஒருத்தரும் படம் எடுக்கிறேல்லை அப்பா. மாஸ்க் போட்டிருக்கிறம்தானே."

"கழட்டிப்போட்டு நிண்டால் எடுப்பாங்கள்."

"கழட்டிப்போட்டு நிண்டால் மூக்கு உடையும்."

நான் விடேல்லை. அவன்ர முகம் ஒருக்கா வரோணும். அந்தக் கோடை முழுக்க எனக்கு வேற வேண்டுதல் இல்லை. அதோட, சொல்ல வெக்கமாக்கிடக்கு, நூலகத்தில போய் பேஸ்போல் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து வேர்ஹவுஸில மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில வாசிச்சன். சகலன்ர மகன் கால் தூக்கிற விதத்திலையோ கை வளைக்கிற விதத்திலையோ எங்கையாவது ஒரு சின்னப் பிழை இருக்காதோ எண்டு. இல்லை. அவன் சட்டப்படியே திறமான பெடியன். அந்தப் புத்தகத்தை மூடேக்க எனக்கு வந்த துக்கம் செத்தவீட்டிலயும் வந்ததில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவில இருந்து ஒரு ஆள் வாறார் எண்டு கதை அடிபட்டுது. பெரிய ரீமுக்கு இளம் பெடியளைத் தேடித் திரியிற ஆள். அவருக்குப் பிடிச்சால் பெடியன்ர வாழ்க்கையே மாறும். அதைப் படம் பிடிக்க ஒரு பிரெஞ்சு ரி.வி.யும் வரும். ரி.வி. எண்டதும் நான் மகன்ர தலைமயிரை வெட்டுவிச்சன். மாஸ்க்குக்குள்ள இருக்கிற தலை எண்டாலும் எப்பவாவது கழட்டத்தானே வேணும்.

மச்சாளுக்கு, அதுதான் பெடியன்ர தாய்க்கு, வேற பயம். இவ்வளவு படம், இவ்வளவு கதை, பிள்ளைக்கு நாவூறு பட்டுட்டுது எண்டு. "ஆற்ற கண்ணோ தெரியேல்லை" எண்டு என்னைப் பாத்துச் சொன்னா. நான் பிளேட்டில கிடந்த மட்டன் ரோல்ஸைப் பாத்துக்கொண்டிருந்தன். அதால அந்தச் சனிக்கிழமை காலைமை முருகன் கோயிலில அவன்ர பேர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து, ஐயர் மந்திரிச்சுக் குடுத்த மஞ்சள் நூலைக் கொண்டுவந்து, கார் பார்க்கில வைச்சு அவன்ர வலக்கை மணிக்கட்டில கட்டிவிட்டா. ஆம்பிளையளுக்கு வலக்கைதானே. அவன் எறியிறதும் வலக்கை.

பார்க் முழுக்கச் சனம். எங்கட தெருவில இருக்கிற சென்னைக்காரர் ஒருத்தர், கம்ப்யூட்டர் கொம்பனியில வேலை, ஆசையில என்னோட வந்திருந்தார். எனக்குப் பக்கத்தில இருந்து கேட்டார், "சார், அந்த எறியற பையன்தான் உங்க பையனா?"

"இல்லை. பிடிக்கிறது."

"ஓ" எண்டார். அந்த "ஓ"வை நான் இண்டைக்கும் மறக்கேல்லை.

அமெரிக்கக்காரர் ஒரு தொப்பியோட வந்து, பொலிஸ்காரர் காருக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு வேகம் பாக்கிற மெஷினை எடுத்துப் பிடிச்சார். பெடியன் மேட்டில ஏறினான். முதல் பந்து எறிய முன்னமே அம்பயர் கையைத் தூக்கி விளையாட்டை நிப்பாட்டினார். நடந்து போய் அவன்ர மணிக்கட்டைக் காட்டி ஏதோ சொன்னார். பெடியன் தலையாட்டேல்லை. கோச் ஓடினார். அவன் தாயைப் பாத்தான்.

எனக்கு உடன விளங்கிச்சுது. புத்தகத்தில வாசிச்சனான். பிச்சர் கையிலையோ மணிக்கட்டிலையோ ஒண்டும் கட்டக்கூடாது, பிளாஸ்ரர் துண்டு கூட. எனக்கு ஒரு குளிர்மை வந்தது, உள்ளங்கால் வரைக்கும். கோடை முழுக்கத் தேடின பிழை மஞ்சள் பூசிக்கொண்டு தானா வந்து நிக்குது.

மச்சாள் வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, "அதை வெட்டக் கூடாது" எண்டா. "மந்திரிச்சுக் கட்டின நூல். கத்தரிக்கோல் வைச்சால் பிள்ளைக்குக் கூடாது."

சகலன் எழும்பினார். ரேடியோவில கதைச்சுப் பழகின குரல். "இது எங்கட சமயம். சமயத்தைக் கழட்டு எண்டு சொல்ல இவர் ஆர்?" அதை அவர் பிரெஞ்சிலயும் சொன்னார்.

அந்தக் காலம் கியூபெக்கில ஆர் தலையில என்ன கட்டுறது, ஆர் கழுத்தில என்ன போடுறது எண்டு ரி.வி. முழுக்க ஒரே விவாதம். சமயம் எண்ட சொல் கேட்டதும் செய்தி எடுக்க வந்த ரி.வி. பிள்ளை மைக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டை விட்டுட்டுச் சகலன்ர பக்கம் ஓடி வந்தா. கமராக்காரனும் பின்னால. எனக்கு வந்த குளிர்மை போயிட்டுது. இவன் எறியாட்டி என்ர மகனுக்குப் பிடிக்க என்ன இருக்கு? இண்டைக்கு இரண்டு பேரும் ரி.வி.யில வரப்போறதில்லை, சகலன்தான் வரப்போறார்.

அதுக்கிடையில மகன் மாஸ்க்கைத் தலைக்கு மேல ஏத்திக்கொண்டு வேலியடிக்கு வந்திட்டான். "அப்பா, பெரியம்மாவோட நீங்களே கதையுங்கோ. அவ உங்கட பகிடிக்குத்தான் இளகுவா. அவன் பயந்துபோனான்."

எட்டிப் பாத்தன். உலகத்தை உலுக்கப்போற கை, ரொட்டிக்குக் குழைச்ச மா மாதிரித் தொங்கிக்கொண்டு நிண்டுது. பதினேழு வயசு. அண்டைக்குத்தான் அந்த வயசு என்ர கண்ணில பட்டுது.

"மச்சாள்," எண்டன், "ஆரும் வெட்டச் சொல்லேல்லை. நீங்களே கட்டினியள், நீங்களே அவிழுங்கோ. அவிழ்த்து இவன்ர கையில கட்டுங்கோ. சட்டம் எறியிறவனுக்கு மட்டும்தான், பிடிக்கிறவனுக்கு இல்லை. நான் வாசிச்சனான்."

"நீர் ஏன் உதுகளை வாசிச்சனீர்?"

"பிள்ளையளில உள்ள அக்கறையில."

மச்சாள் என்னை ஒரு பார்வை பாத்தா. "அர்ச்சனை செய்தது அவன்ர நட்சத்திரத்துக்கு. இவன்ர நட்சத்திரம் மூலம்."

"முருகன் எறியிற கையில நிண்டால் என்ன, பிடிக்கிற கையில நிண்டால் என்ன? பந்து கடைசியா வந்து சேருறது இஞ்சதானே. போற இடத்தில சாமி காத்துக்கொண்டிருந்தால் பந்து வேற எங்க போகும்?"

மச்சாள் சிரிக்கேல்லை. ஆனால் வாய் கொஞ்சம் கோணிச்சுது. எனக்கு அது போதும். சகலனுக்குச் சொன்னா, "நீங்கள் வந்து இருங்கோ. கதைச்சது காணும்." சகலன் இருந்திட்டார்.

பெடியன் ஓடி வந்தான். கம்பி இடைவெளிக்குள்ளால தாய் முடிச்சை அவிழ்த்தா. என்ர மகன் கையுறை போடாத வலக்கையை நீட்டினான். ரி.வி. பிள்ளைக்கு உதுதான் வடிவான காட்சி எண்டு பட்டிருக்கோணும், கமரா கிட்ட வந்தது. மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு மூண்டு முடிச்சுப் போட்டா. நான் மகனுக்குச் சொன்னன், "தம்பி, இஞ்சால திரும்பி நில். மாஸ்க்கை இன்னும் மேல தூக்கு." அவன் பல்லைக் கடிச்சுக்கொண்டு, "அப்பா, பேசாம இருங்கோ" எண்டான்.

பேந்து விளையாட்டு நடந்தது. பெடியன் எறிஞ்சான், மெஷினைப் பாத்து அமெரிக்கக்காரர் ஏதோ குறிச்சுக்கொண்டார். ஒரு பந்து தவறி நிலத்தில குத்தி விலத்திப் போக, என்ர மகன் குறுக்க விழுந்து நெஞ்சால மறிச்சான். சென்னைக்காரர் எழும்பிக் கை தட்டினார். அவர் மட்டும்தான்.

ஆறு மணிச் செய்திக்கு எல்லாரும் சகலன் வீட்டு ஹோலில. மச்சாள் கொத்துரொட்டி செய்து தந்தா. நான் ரி.வி.க்கு நேர முன்னால, பிளேட்டைத் தொடாமல் இருந்தன். முதல் பெடியன் கால் தூக்கிற படம். பேந்து கமராவின்ர முன்னால ஒரு கை, மஞ்சள் நூல், தாயின்ர விரல்கள். முகம் இல்லை. ரி.வி. பிள்ளையின்ர குரல் உருகி உருகிச் சொல்லுது, நட்சத்திரப் பிச்சரின்ர பொன்னான கைக்கு அவன்ர தாய் புனித நூல் கட்டுறா எண்டு.

"அது என்ர மகன்ர கை," எண்டன்.

ஒருத்தரும் திரும்பேல்லை. "வடிவா வந்திருக்கு" எண்டா மச்சாள்.

"மணிக்கட்டில மச்சம் கிடக்கு, பாருங்கோ. உங்கட மகனுக்கு மச்சம் இருக்கோ?"

சகலன் சொன்னார், "ஆற்ற கையெண்டால் என்ன, எங்கட குடும்பத்துக் கைதானே." என்ர மகனும் சகலன்ர மகனும் குசினிக்குள்ள நிண்டு ஒரே பிளேட்டில கொத்துரொட்டி தின்டுகொண்டிருந்தினம். செய்தி முடிஞ்சது கூட அவைக்குத் தெரியாது.

அடுத்த கிழமைத் தமிழ்ப் பேப்பரில அந்தக் கை முதல் பக்கத்தில வந்தது. கீழ பெடியன்ர பேர். சகலன் அதைப் பெரிசாக்கி, கண்ணாடி போட்டு ஹோலில மாட்டினார். அதுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஆர் வந்தாலும் நான் படத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மச்சத்தைக் காட்டுவன். என்ர நல்ல பகிடி எண்டு எல்லாரும் சிரிப்பினம். பகிடிக்காரன் உண்மை சொன்னால் வாற கெடுதி அது.

அமெரிக்கக்காரர் பேந்து கூப்பிடேல்லை. ரெண்டு வருஷத்தில பெடியனுக்கு முழங்கையில நோ வந்தது. பேப்பர்காரருக்கு லவாலில இன்னொரு பெடியன் கிடைச்சிட்டான், அவன் காலைமை என்ன சாப்பிடுறவன் எண்டு எழுதப் போயிட்டாங்கள். எங்கட பெடியன் படிச்சு, வேலை செய்து, இப்ப சின்னப் பிள்ளையளுக்குச் சனிக்கிழமையில பந்து எறியப் பழக்கிறான். என்ர மகனும் சில நேரம் போய்க் குந்தியிருந்து பிடிச்சுக் குடுக்கிறவன்.

போன முறை சகலன் வீட்டுக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருந்தது. நான் தேத்தண்ணியை வைச்சுப்போட்டு எழும்பிப் படத்தடிக்குப் போக வெளிக்கிட்டன். அதுக்கு முதல் சகலன் அங்க நிக்கிறார்.

"உது என்ர மகன்ர கையில்லை," எண்டு அவையளுக்குச் சொல்லுறார். "பிடிக்கிற பெடியன்ர. என்ர சகலன்ர மகன். மச்சத்தைப் பாருங்கோ. ரி.வி.காரர் பிழையாச் சொல்லிப்போட்டாங்கள்."

அவையள் மச்சத்தைப் பாத்து, சகலனைப் பாத்து, விழுந்து விழுந்து சிரிச்சினம். நான் சொல்லேக்க ஒருத்தரும் ஒரு நாளும் அப்பிடிச் சிரிச்சதில்லை. நான் திரும்பி வந்து தேத்தண்ணியைக் குடிச்சன். ஆறிப்போட்டுது.