அக்கா போயிட்டாங்க

கல்யாணமாகி நான் சிங்காநல்லூருக்கு வந்த புதிதில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு லைன் வீடு. வரிசையாக ஆறு குடித்தனம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அடுத்த கதவு அக்காவுடையது.

அக்காவுக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. முதல் நாள் நான் மரியாதையாக "அத்தை" என்று கூப்பிட்டேன். "அத்தைன்னு கூப்பிட எனக்கு ஊரு பூரா ஆளிருக்குது அம்மணி. ஒருத்தரும் வந்து கூப்பிடறதில்லை. நீயாச்சும் அக்கான்னு கூப்பிடு" என்றார். அன்றிலிருந்து அக்காதான்.

சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார். குழந்தை இல்லை. பஞ்சாலையில் நூல் சுற்றும் ரீலிங்கில் வேலை பார்த்தே தம்பியை வளர்த்து, கல்யாணம் செய்துவைத்து, வெள்ளகோவிலில் இருந்த விவசாயக் காட்டையும் அவருக்கே விட்டுவிட்டார். தம்பி மகன் பாலிடெக்னிக் படித்ததுகூட இந்த ஒற்றை அறையில் தங்கி, அக்கா கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்றுதான். அந்த மருமகன் இப்போது காந்திபுரத்தில் டிவி கடை வைத்திருந்தார். எங்கள் தெருமுனையில் டவுன் பஸ் ஏறினால் நேராக அவர் கடைப் பக்கத்தில் இறங்கலாம். மருமகன் எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால் அக்கா பெருமூச்சு விட்டுச் சொல்வார்: "அவன் ரொம்ப தூரத்துல இருக்கறானுங்க. காந்திபுரம்."

குறை சொல்கிற மாதிரியே இருக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மருமகன் தன் கடை ஆளிடம் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்புவார். அக்கா அந்த ஆளை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, அவர் பெண்டாட்டிக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவதால் அவர்தான் நெருங்கிய சொந்தம் என்பார்.

மில்லில் தின்ற பஞ்சுத்தூசி அவரை விடவில்லை. ஒரு கோடையில் மூச்சு ரொம்ப வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தம்பிக்குத் தகவல் போனது. காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றார். அவர் முறை முடிவதற்குள் அக்காவுக்குச் சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர், தெருமுனை எஸ்டிடி பூத்காரரிடம், "ஊட்டுக்குப் போயிட்டேன்னு தம்பிக்குச் சொல்லிப்போடுங்க. வேலையைப் போட்டுட்டு ஓடியாந்துறப் போறான்" என்றார். அந்த நம்பிக்கையை நாங்கள் யாரும் கலைக்கவில்லை.

தம்பி வீட்டில் ஃபோன் கிடையாது. பக்கத்து அரிசி மண்டிக்குப் பேசினால் கூப்பிட்டுச் சொல்வார்கள். எங்கள் பூத்காரர் மரியாதைக்காரர். சௌக்கியம் கேட்டு, மழை கேட்டு, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு லைன் ஒரே கரகரப்பு. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போயிட்டாங்க என்று அவர் கத்தியதில், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது முதலும் கடைசியும்தான்.

"எப்பப் போனாங்க?" என்று மண்டிக்காரர் கேட்டிருக்கிறார்.

"இப்பத்தானுங்க, காலைல."

"சிரமப்படாமப் போனாங்களா?"

"ஒரு சிரமமும் இல்லீங்க. நல்லபடியாப் போனாங்க."

ஆட்டோவில்தான் போனார் என்று சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா வாசலில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியதுமே பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதபடி வர ஆரம்பித்தார்கள். அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஆரு ஊட்டுல அம்மணி?" என்று என்னைக் கேட்டார். துக்கத்துக்குப் போகச் சேலையைக்கூடச் சரிசெய்து எழுந்துவிட்டார்.

முன்னால் தம்பி, தோளில் துண்டு, கையில் பெரிய ரோஜா மாலை. அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் முட்டிக்கொண்டார்கள். அழுகை குழாயை மூடியது போல நின்றது. ஒப்பாரியில் முன்னால் நின்ற தம்பி மனைவிக்கு மட்டும் எடுத்த குரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அதை இருமலாக முடித்துக்கொண்டார்.

"இருக்கறீங்களாக்கா?" என்றார் தம்பி.

"இருக்கறேன் சாமி. வா, உக்காரு" என்றார் அக்கா.

விஷயம் விளங்க சற்று நேரமானது. விளங்கியதும் எல்லோரும் சேர்ந்து பூத்காரரைத் திட்டினார்கள். நன்றாக விசாரித்துவிட்டுச் சொல்லக் கூடாதா, எத்தனை பேர் வேலை கெட்டது என்று கேட்டார்கள். தம்பி மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அத்தை இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். மருமகன் மோட்டார் சைக்கிளில் கடைசியாக வந்து சேர்ந்தார். கடைக் கதவில் 'துக்கம் காரணமாக விடுமுறை' என்று அட்டை தொங்கவிட்டு வந்தவருக்கு, உடனே போய் அதை எடுப்பதா, நாளைக்கு எடுப்பதா என்று ஒரே குழப்பம்.

அக்காவுக்கோ ஒரு குழப்பமும் இல்லை. ஆறு வீட்டிலும் இருந்து பாத்திரம் வாங்கி, அண்டா நிறைய அரிசிம்பருப்பு சாதம் செய்தோம். வேனில் வந்த எல்லோருக்கும் தன் கையாலேயே பரிமாறினார். மூச்சு வாங்குகிறது, உட்காருங்கள் என்று நான் சொன்னதற்கு, "எனக்கு ஒன்னுமில்லை, நீ நெய்யைக் கொண்டா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறந்த வீட்டுக் கோடி என்று தம்பி மனைவி கொண்டுவந்திருந்த புதுச்சேலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். அக்கா கையை நீட்டி வாங்கிவிட்டார். விரித்து முந்தானையைப் பார்த்தார். நல்ல அரக்கு நிறம்.

"செத்தப்புறம் நான் எங்க கட்டிப் பாக்கறது? இப்பவே கொண்டாந்தது நல்லதாப் போச்சு."

பிணத்துக்கு எடுத்ததை உயிரோடு இருக்கிறவர் கட்டக்கூடாது என்று ஒரு கிழவர் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா அதைக் கட்டிக்கொண்டுதான் கோவிலுக்கு வந்தார். மாலை அவர் புருஷன் படத்துக்குப் போனது. மச்சினன் கையால் மாலை வாங்க அந்த மனுஷன் இத்தனை வருஷம் காத்திருந்தார் என்றார்.

கிளம்புகிற நேரத்தில் அக்காவை இனிமேல் தனியாக விடுவதில்லை என்று பேச்சு வந்தது. எங்கள் பக்கத்து மரியாதை எவ்வளவு ஆபத்தானது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அத்தையை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மருமகன் சொன்னார். அப்பா இருக்கும்போது நான் முந்திக்கொள்வது முறையில்லை என்று உடனே அவரே சொன்னார். டவுனில் ஆஸ்பத்திரி பக்கம், மகன் வீடுதான் அக்காவுக்கு வசதி என்று தம்பி விட்டுக்கொடுத்தார். காற்றோட்டத்துக்குத் தோட்டம்தான் நல்லது என்று மருமகன் திருப்பி விட்டுக்கொடுத்தார். ஆளாளுக்கு "நீங்க பாருங்க", "இல்லீங்க, நீங்க சொல்லுங்க" என்று விட்டுக்கொடுத்ததில் வேன் கிளம்பிவிட்டது. அக்கா வாசலில் நின்று கையாட்டிவிட்டு, பாதியில் விட்ட கீரையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த நாளைத் தன் எழவு நாளாகவே வைத்து, அவர் "என்ற எழவன்னைக்கு" என்றே குறிப்பிடுவார். என்ற எழவன்னைக்குப் பாத்தப்ப மருமகன் எளச்சிருந்தான். என்ற எழவன்னைக்கு நெய் கொஞ்சம் பத்தலை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அந்தத் தீபாவளிக்கும் கடை ஆள்தான் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

மழைக்காலத்தில் மறுபடியும் படுத்துவிட்டார். இந்தத் தடவை கால் வீங்கியது, பேச்சும் விட்டு விட்டுத்தான் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, லைன் வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு பார்த்தோம். தம்பிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லு. போயிட்டாங்கன்னு மட்டும் சொல்லீறாதே."

பூத்காரர் இந்தத் தடவை அந்தச் சொல் இருக்கிற பக்கமே போகவில்லை. அக்கா உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் முடியவில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிடுங்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தம்பியின் குரல் எனக்கே கேட்டது. "உசுரோட இருக்காங்கல்லங்க? அப்பச் சரிங்க." உண்மையிலேயே நிம்மதியான குரல். அறுவடை முடியட்டும், வாரேன் என்று வைத்துவிட்டார்.

மருமகனைப் பார்க்க நானே காந்திபுரம் போனேன். சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே கிரிக்கெட் மேட்ச். என்னை உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக்கொடுத்தார். அத்தை ரொம்பத் தைரியசாலி, போன தடவை எல்லோரும் பயந்துபோனோம், கடைசியில் எங்களுக்கே சமைத்துப்போட்டார் என்று சிரித்தார். கெட்டவரில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். மறுநாள் கடை ஆள் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, அக்கா கால்மாட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அக்காவுக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு அம்மாள். பார்வையாளர் நேரம் வந்தால் பிள்ளைகள், மருமகள்கள், சம்பந்திகள் என்று கூட்டம் நெரியும். உட்கார இடம் இருக்காது. அக்கா காலை மடக்கிக்கொண்டு, "இங்க உக்காருங்க, உக்காருங்க" என்று அவர்களைத் தன் கட்டிலில் உட்காரவைப்பார். தூரத்தில் இருந்து பார்த்தால் அக்காவைப் பார்க்கத்தான் அத்தனை பேர் வந்திருப்பதாகத் தோன்றும். ஒரு தடவை நர்ஸ் அம்மாவே நம்பி, ஒரு நோயாளிக்கு இத்தனை பேர் வரக்கூடாது என்று அக்காவைச் சத்தம் போட்டார். அக்கா மறுக்கவில்லை. "சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

ஒரு சாயங்காலம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது அதே போலக் கட்டிலைச் சுற்றி ஆட்கள். அந்த அம்மாளின் மருமகள் அக்காவின் கால்பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தூங்கறாங்க, எழுப்பாதீங்க என்று எனக்குச் சைகை காட்டினாள். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். எப்போது போனார் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்கள் மெல்ல எழுந்து ஓரமாக நின்றார்கள். ஆரஞ்சு உரித்தவள் மட்டும் அழுதாள். அக்காவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

பூத்காரர் பேசினார். நிஜமாகத்தானா என்று மண்டிக்காரர் கேட்டார். நிஜமாகத்தான் என்றதும், யார் சொன்னது, டாக்டர் சொன்னாரா, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். தம்பி லைனுக்கு வந்து அதையே திரும்பக் கேட்டார். கடைசியில் ரிசீவரை என்னிடம் கொடுத்தார்கள். "ஆமாங்கண்ணா, அக்கா போயிட்டாங்க" என்றேன். உடனே வாரேனுங்க என்று வைத்துவிட்டார்.

இந்தத் தடவை வேன் வரவில்லை. தம்பியும் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள், மருமகன் கடையை அரைக்கதவாக மூடிவிட்டு வந்தார். டீச்சர் மகளால் வர முடியவில்லை. ஒரே அத்தைக்கு இரண்டாவது முறையாக லீவு கேட்க அவருக்கு வழியில்லை. தூக்குவதற்கு ஆள் போதாமல் என் வீட்டுக்காரரும் பூத்காரரும் தோள் கொடுத்தார்கள்.

குளிப்பாட்டி முடித்ததும் கோடி எங்கே என்று யாரோ கேட்டார்கள். "அப்பவே போட்டாச்சுங்களே" என்றார் தம்பி மனைவி. தப்பாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். தம்பி எழுந்து போனார். வாசலில் நின்று, என்ன நிறம் அக்காவுக்குப் பிடிக்கும் என்று மகனைக் கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டார். பச்சை என்றேன். தெருமுனை ஜவுளிக்கடையில் பச்சைச் சேலை ஒன்று எடுத்துவந்து, விலை எழுதி ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே ஓரமாக நின்றார். அது முழுசாக வரவில்லை. போதுமுங்க என்று நான்தான் கையிலிருந்து வாங்கினேன்.

எல்லாம் முடிந்து அந்த ஒற்றை அறைக்கு வேறு குடித்தனம் வந்தது. ஒரு மாதம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை பூத்காரர் வந்து எனக்கு வெள்ளகோவிலில் இருந்து ஃபோன் என்றார். பயந்துகொண்டே போனேன். அக்காவின் தம்பிதான்.

"ஏனுங்கம்மணி, நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

சௌக்கியம்தான் என்றேன். என்ன விஷயம் என்று கேட்டேன். "ஒன்னுமில்லீங்க. சும்மாதான்" என்றார். மழை உண்டா என்று கேட்டார், குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார், வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, அதற்கடுத்ததும். எனக்கு அவரிடம் பேச ஒரு விஷயமும் இருக்காது, அவருக்கும் என்னிடம் இருக்காது. என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு நான் போய்ப் பேசிவிட்டு வருவேன். நாங்கள் அந்த லைன் வீட்டைக் காலிசெய்யும்வரை அவர் ஞாயிறு தவறாமல் பேசினார்.