பொட்டு வைத்த கர்னல்

போன ஞாயிறு என் வாய் என்னை மாட்டிவிட்டது.

நியூஜெர்சியில் எங்கள் தெருவில் ஒரு டாக்டர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். அன்று அவருடைய அப்பாவின் திவசம். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

ஹாலில் குத்துவிளக்கு எரிந்தது. சுவரில் பெரிய ஓவியம் ஒன்று. நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்திலிருந்து இடுப்பு வரை மூன்று சுற்று மாலை. ஆனால் படத்தில் இருந்தவர்... வெள்ளைக்காரர்! தலையில் வெள்ளை விக் வேறு.

"என்ன டாக்டர், உங்க மாமனார் வெள்ளைக்காரரா? சொல்லவே இல்லையே!" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டரின் மனைவி பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றார்.

பத்து வயது மகள்தான் பேசினாள். "ஹீ இஸ் எ கர்னல், அங்கிள்." படச் சட்டத்தில் இருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினாள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆளாம். அமெரிக்கச் சுதந்திரப் போரில் படை நடத்தி, பிறகு சட்டசபைக்குப் போனவராம். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் கிடைத்த நகல் இது.

முதலில் துப்பாக்கி, பிறகு நாற்காலி. எந்த நாட்டிலும் இதுதான் ரூட் போலிருக்கிறது!

டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பாவின்ர படம் ஒண்டும் இல்லை. ஷெல் விழுந்து வீடு எரிஞ்சு போச்சுது. ஆல்பமும் போச்சுது, அப்பாவும் போயிட்டார்."

"ஐடி கார்டுல கூட போட்டோ இல்லையா, டாக்டர்?"

"இருந்தது. அது அப்பாவின்ர சட்டைப் பைக்குள்ள."

கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"இந்த ஆளின்ர நெத்தியும் கண்ணும் அப்பிடியே அப்பா. எனக்கு முகம் மறந்துகொண்டு வருது. இதைப் பாத்தாத்தான் மிச்சம் ஞாபகம் வரும்" என்றார்.

படத்தில் பொட்டு இருந்தால் ஆள் போய்விட்டார் என்பது நமக்குத் தெரியாதா? யார், எப்படி என்று விசாரித்துவிட்டு வாயைத் திறந்தால் என்ன? வெட்கமாக இருந்தது. ஏதாவது உதவி செய்து சரிக்கட்டலாம் என்று எழுந்தேன்.

"மாலை ரொம்பப் பெரிசா இருக்கு, டாக்டர். ட்ரெஸ்ஸே தெரியலை. கொஞ்சம் தூக்கிக் கட்டட்டுமா?"

அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். தெரியக் கூடாதெண்டுதான் போட்டது. மாலைக்கு உள்ளுக்கை ஆமி உடுப்பு."

அந்த ஷெல்லை அடித்தது யார் என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா என்ன?

அவர் அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு மாஸ்டராம். அன்று முழுக்க அந்த ராணுவ உடைக்கு மேலிருந்த முகத்துக்குத்தான் சோறு படைத்தார்கள். நானும் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை சென்னைக்கு போன் போட்டேன். "அப்பா, உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க."

"போன மாசம்தானேடா அனுப்பினேன்?"

"பரவாயில்லைப்பா... இன்னொண்ணு அனுப்புங்க."