பாதியில் நின்ற பந்து

தோற்றால் இதுதான் என் கடைசி ஆட்டம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை அவள் கேட்டு வாங்கியது குசினியில் வைத்து. மேல்தட்டிலிருந்த மிளகாய்த்தூள் போத்தலை வலக்கையால் எட்ட முடியாமல் இடக்கையால் எடுத்ததைக் கண்டுவிட்டாள்.

“இந்த வயசில உங்களுக்கு என்னத்துக்கப்பா கிட்டிப்புள்ளு?”

அவளுக்கு பேஸ்பால் என்றால் கிட்டிப்புள்ளுதான். பிளாக்டவுனில் ஒரு கழகத்துக்கு இருபது வருடமாகப் பந்து வீசுகிறேன். அவள் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. இந்த ஆட்டத்துக்கு வந்தாள், வாக்கு நிறைவேறுகிறதா என்று பார்க்க.

என் வேகம் போய்ப் பல வருடமாகிறது. மிச்சமிருப்பது மண்டைக்குள் உள்ளதுதான். மட்டையோடு நிற்பவனின் முகத்தைப் பார்க்க மாட்டேன், முன்காலைத்தான் பார்ப்பேன். போன பந்து போனதுதான், அடுத்த பந்தை மட்டும் நினை என்று அணியில் இளையவர்களுக்குப் பெரிய ஞானி மாதிரிச் சொல்வேன். என் மகள் கேட்டால் சிரிப்பாள். கார் நிறுத்துகிற இடத்தில் நடந்த சண்டையைக்கூட மாதக் கணக்கில் மறக்காத ஆள் நான்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தோம். எதிரணியில் இருவர் ஏற்கெனவே அவுட். இன்னும் இருவர் தளங்களில் நின்றார்கள், ஒருவன் இரண்டாம் தளத்தில், மற்றவன் மூன்றாம் தளத்தில். மூன்றாம் தளத்துக்காரன் இன்னும் ஒரு தளம் வந்தால் ஓட்டம். மட்டைக்காரன் இரண்டு பந்தைத் தவறவிட்டிருந்தான். மூன்றாவதையும் விட்டால் அவன் அவுட், ஆட்டமும் முடிந்தது. அடித்தால் எல்லாம் போச்சு. 

வீசத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ஓர் ஆள்காட்டிக் குருவி எங்கள் இருவருக்கும் நடுவே நடந்து வந்தது. நான் நின்றுவிட்டேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பந்து வீசி வளர்ந்தவன் நான். மைதானத்துக்குள் மாடு வரும், நாய் வரும். ஓடிவந்தவன் பாதியில் நின்று துரத்திவிட்டு, திரும்பப் போய் ஓடிவருவான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேஸ்பாலில் வீசத் தொடங்கியவன் நிற்கக் கூடாது. நின்றால் எதிரணியில் தளத்தில் நிற்கும் எல்லாரும் சும்மா ஒரு தளம் முன்னேறலாம். இத்தனை வருடத்தில் நான் செய்யாத பிழை அது.

நடுவர் கத்தினார். மூன்றாம் தளத்துக்காரன் நடந்தே வந்து ஓட்டத்தை எடுத்தான். அவன் இடத்துக்கு மற்றவன் வந்தான். இனி ஒரே ஓர் ஓட்டம்தான் முன்னிலை. எதிரணி உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து சிரிப்பு. அதற்குள் தனியாக ஒரு கைதட்டல் கேட்டது, என் மனைவியுடையது. குருவிக்கு அடிபடக் கூடாதென்று நின்றேனாம்.

குருவி மேல், சிரித்தவர்கள் மேல், எல்லாவற்றையும்விட என் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கள் அணியில் பந்து பிடிப்பவன் ஓடிவந்தான்.

“ஆர் யூ ரைட், மேட்?”

“ஓம்” என்றேன், தமிழிலேயே. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான்.

போன பந்து போகவேயில்லை, நெஞ்சுக்குள் நின்றது. சரி, நிற்கட்டும் என்று விட்டேன். ஆத்திரக்காரன் வேகமாகத்தான் எறிவான் என்று மட்டைக்காரன் நினைப்பான். முகத்தை இன்னும் கடுகடுப்பாக வைத்துக்கொண்டேன். கையை முழுப் பலத்தோடு வீசி, உள்ளங்கையில் ஆழப் பிடித்த பந்தை மெதுவாக விட்டேன். பந்து போய்ச் சேருமுன்பே அவன் மட்டையைச் சுற்றி முடித்துவிட்டான். என் தோளுக்குள் ஏதோ படக்கென்றது.

வென்றுவிட்டோம். எல்லாரும் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

காரில் ஏறியபின் சீட் பெல்ட்டை இழுக்க வலக்கை எழும்பவில்லை. பக்கத்திலிருந்த மனைவி அதைக் கண்டாள். எனக்குக் குறுக்கே எட்டி பெல்ட்டைப் பிடித்தாள்.

“வெண்டிட்டீங்கள். வாக்கெண்டா வாக்குத்தான், இனி நான் மறிக்க மாட்டன். அடுத்த சனி எத்தினை மணிக்கு?”

அடுத்த பந்தை மட்டும் நினைக்கிறவனுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டும். எழும்பாத கையை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

“சனிக்கு ஒண்டும் இல்லை. காரை நீர் ஓட்டும்” என்று கார்த் திறப்பை நீட்டினேன்.

சந்தோசப்படுவாள் என்றுதான் நினைத்தேன். “அவ்வளவு நோவோ?” என்று கேட்டு, பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே அவள் அழத் தொடங்கினாள்.