வீட்டுக்குப் போங்க

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அக்காவைக் கட்டி முப்பது வருஷமாகியும் அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததெல்லாம் அங்கே லிஃப்ட் நின்றுபோன நாட்களில்தான். அறுபதைத் தாண்டிய பிறகு, வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கழிவறையைத் தேடி ஓடுவது வழக்கமாயிற்று. "பழைய மெஷின் ஒழுகத்தான் செய்யும்" என்று சிரித்து மழுப்பினார். அக்கா விடவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஊசியால் குத்திப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள்.

முடிவைக் கேட்கத் தனியாகப் போனவர் திரும்பி வந்து எனக்கு ஃபோன் போட்டார்.

"மச்சான், புராஸ்டேட்ல கேன்சராம். கைவிட்டுட்டாங்கடா. அதுக்கு மருந்தும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. ஒண்ணுக்குப் போறதுக்கு மட்டும் ஏதோ மாத்திரை. 'வீட்டுக்குப் போங்க, எப்பவும்போல இருங்க'ன்னு டாக்டர் அனுப்பிட்டார்."

டாக்டர் வாயிலிருந்து 'வீட்டுக்குப் போங்க' என்று வந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, அக்கா அழக்கூடத் தோன்றாமல், துவைத்த துணியையே மறுபடி ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூவருமாகப் போனோம். நான் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கே தயாராகப் போனேன். டாக்டர் முதலில் திருதிருவென்று விழித்தார், பிறகு பொறுமையாகச் சொன்னார். இது மெதுவாக வளரும் வகை. புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டி வெளியே வரவில்லை. அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டே இருப்போம், வளர்ந்தால் உடனே வைத்தியம். அடிக்கடி ஒன்றுக்குப் போவது வயதானதில் அந்தச் சுரப்பி வீங்குவதால். மாத்திரை அதற்குத்தான்.

"அப்ப எனக்குக் கேன்சர் இருக்கா, இல்லையா?" என்றார் அத்தான்.

"இருக்கு."

"இருக்கு, ஆனா ஒண்ணும் பண்ண வேண்டாம். பிரேக் கட்டை தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் நான் லிஃப்டை ஓட விடுவேனா சார்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. டாக்டர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. மண்டை காய்ந்தது.

"அறுத்து எடுத்துடுங்க டாக்டர்," என்றாள் அக்கா. "உள்ள வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது?"

எடுக்கலாம் என்றார் அவர். ஆனால் சிறுநீர் அடங்காமல் கசியலாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கணவன் மனைவி உறவு முன்போல இல்லாமலும் போகலாம் என்றார்.

நான் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் பார்த்தேன்.

"இந்த வயசுல அதெல்லாம் யாருக்கு வேணும்?" என்றாள் அக்கா பட்டென்று. "எனக்கு ஆள் இருந்தாப் போதும்."

அத்தான் அவள் பக்கம் திரும்பி, நானும் டாக்டரும் அங்கே இல்லாததுபோல, அவளிடம் மட்டும் சொன்னார்:

"எனக்கு வேணும்."