தட்டு முருகைக்கு நல்ல தண்ணீர்

முதல் அறிகுறி நிறம்தான். அண்ணையின் நண்டு வலையில் சிக்கி வந்த தட்டு முருகை, தோலுரித்த அவித்த முட்டை போல வெள்ளையாக இருந்தது.

தட்டு முருகை என்பது பாறையில் ஒட்டாமல் கடலடி மணலில் தனியே கிடக்கும் ஒரு பவள உயிர். சோற்றுக் கோப்பை அளவு வட்டம். நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு வாய். அதிலிருந்து விளிம்பு வரை, காளானின் அடிப்பக்கத்தில் இருப்பது போல மெல்லிய மடிப்புகள். எங்கும் ஒட்டாமல் கிடப்பதால் வலை இழுபடும்போது கூடவே வந்துவிடுகிறது. நல்ல உடம்போடு இருக்கும்போது அது மண்ணிறம், சிலவேளை பச்சை. கடலட்டை பிடிக்க இறங்கிய காலத்தில் அதை எத்தனையோ தடவை கையால் விலக்கிவிட்டுப் போயிருக்கிறேன். திரும்பிப் பார்த்ததில்லை.

அது சித்திரை மாதம். கடலில் கை வைத்தால் பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவிய தண்ணீர் போல இருந்தது. அண்ணை முருகையை என் மனைவி ஸ்ரெல்லாவிடம் கொடுத்து, நத்தார்ப் பண்டிகைக்கு இயேசு பாலன் குடிலில் வைக்கச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் வெள்ளை முருகைக்கு அந்த ஒரு வேலைதான். குளோரினில் ஊறவைத்து, வெயிலில் காயவிட்டு, மார்கழி வந்ததும் குடிலுக்குள் பாலனின் காலடியில் வைப்போம். நான் வாசல் கதிரையை விட்டு எழும்புவதற்குள் ஸ்ரெல்லா வாளியைக் கொண்டுவந்துவிட்டாள்.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். மடிப்புகளின் மேல் கண்ணாடித் தாள் போல மெல்லிய சவ்வு ஒன்று கிடந்தது. விரலால் தொட்டேன். அது சுருங்கியது.

"குளோரினைப் போடாதை. உது இன்னும் சாகேல்லை," என்றேன்.

ஸ்ரெல்லா என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்டிலை ஒரு நோயாளி போதாதோ?" என்றாள்.

அந்த நோயாளி நான். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கு இறங்குவதே என் தொழிலாக இருந்தது. ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக ஏறியதில் அமுக்க நோய் (விரைந்து மேலே வரும்போது இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகி நரம்பைத் தாக்குவது) வந்தது. மரத்துப்போன இடது கால் வைத்தியத்துக்குப் பிறகு முக்கால்வாசி திரும்பி வந்தது. மிச்சம் வரவில்லை.

வைத்தியர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், படகில் போகலாம், நீருக்கடியில் மட்டும் இனி இறங்கக்கூடாது என்றார். ஆழமில்லாத இடத்தில் ஒரே ஒரு தடவை என்று பேரம் பேசிப் பார்த்தேன். "கால்தானே போனது எண்டு நினைக்கிறீங்கள்," என்றார். "அடுத்த தடவை காலோட நிக்காது."

இதை வாசிக்கும் உங்களுக்கும் யாரோ ஒரு வைத்தியர் ஏதோ ஓர் இடத்தைக் காட்டி, இனி அங்கே போகக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். வலி பழகிவிடும். ஏக்கம் பழகாது, அதற்குத் தயாராக இருங்கள். நான் ஏங்கியது அட்டைக்கோ மீனுக்கோ அல்ல. கீழே இருக்கும் அந்தப் பச்சை வெளிச்சத்துக்கு. சொந்த மூச்சைத் தவிர ஒன்றும் கேட்காத, எவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத அந்த இடத்துக்கு. கரையில் இந்தக் காலை இழுத்துக்கொண்டு திரிகிறேன். அங்கே எனக்குப் பாரமே இல்லை.

அண்ணையின் மகள் அனிற்றா, எனக்குப் பெறாமகள், பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் படிக்கிறாள். அன்று பின்னேரமே வந்து பார்த்தாள். வெளிறல் (சூடு தாங்காத முருகை, தன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுவது) என்றாள். அந்தப் பாசிதான் வெயிலைக்கொண்டு சமைத்து முருகைக்குச் சாப்பாடு கொடுக்கிறது. நிறமும் அதனுடையதே. ஆகவே வெள்ளையாக இருப்பது செத்துப்போனது அல்ல, பட்டினி கிடப்பது. சமைக்கிற ஆளைக் கோபத்தில் வீட்டை விட்டுத் துரத்திவிட்டுப் பசியோடு இருப்பது போல என்று விளக்கினாள்.

"உதைச் சித்தப்பாக்கு இன்னொருக்கால் ஆறுதலா, மெள்ள மெள்ளச் சொல்லு பிள்ளை," என்றாள் ஸ்ரெல்லா.

உயிருள்ள முருகையை வீட்டில் வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது. அனிற்றா தன் விரிவுரையாளர்களிடம் கேட்டாள். அவர்கள் உரிய இடத்தில் கதைத்து ஒரு வழி சொன்னார்கள். கடல் சூடாக இருக்கும்வரை பராமரிக்கலாம். கடல் ஆறியதும், வந்த இடத்திலேயே திருப்பி விடவேண்டும். எனவே முதல் நாளிலேயே எனக்குத் தெரியும், குணமானால் அது போய்விடும். தெரிந்துதான் தொடங்கினேன்.

ஐஸ் மீன் ஏற்றும் ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டியொன்றைக் கழுவி எடுத்தோம். வெயிலின் சூட்டை இலேசில் உள்ளே விடாது. தங்கமீன் தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்று வாங்கினோம். வாசலுக்கு நேரே கிடக்கும் நீரேரியில் (கரைக்குள் புகுந்த உப்பங்கழி) ஊர்க் கழிவெல்லாம் சேருவதால், அண்ணை வெளிக்கடலில் தண்ணீர் மொண்டு கலன்களில் கொண்டுவந்தார். பொழுதுபடும் நேரத்தில் முருகை தன் உணர்கொம்புகளை (இரையைப் பிடிக்கும் சிறு விரல்கள்) நீட்டும். அப்போது றாலைக் கூழாக அரைத்து, மருந்துக் குழாயால் வாயருகே விடவேண்டும். ஸ்ரெல்லா முணுமுணுத்துக்கொண்டே அரைத்துத் தருவாள்.

முதலில் நன்றாகத்தான் சாப்பிட்டது. பிறகு மோசமாகத் தொடங்கியது. கொம்புகள் வெளியே வரவில்லை. வாய் ஆவென்று திறந்தபடி கிடந்தது. திசுப் பின்வாங்கல் (சதை ஓரத்திலிருந்து சுருங்கி எலும்பு தெரிவது) ஒரு பக்கத்தில் கண்ணுக்கே தெரிந்தது. அனிற்றா தொலைபேசியில் ஒவ்வொன்றாக விசாரித்தாள். சூடு இல்லை, வெயில் படவில்லை, மணமில்லை. தண்ணீர் மட்டம் குறைகிறதா என்று கேட்டாள். குறையக் குறைய நிரப்புகிறேன் என்றேன். எதை ஊற்றி நிரப்புகிறேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடலில் பிறந்ததற்குக் கடல் தண்ணீர், அதில் கேட்க என்ன இருக்கிறது?

கண்டுபிடித்தது ஸ்ரெல்லா. பெட்டியின் ஓரத்தில் வெள்ளைப் படையொன்று படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்பில் கறி பார்ப்பது போல விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுழித்தாள்.

"கடலைவிட உப்புக் கரிக்குது. என்னத்தை ஊத்துறியள்?"

"கடல் தண்ணிதான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். வத்த வத்த ஊத்துறன்."

"கறி வத்தினால் உப்பையே போடுறனாங்கள்? தண்ணியெல்லோ விடுறனாங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. கடல் உயிருக்கு நல்ல தண்ணீரை ஊற்றச் சொல்கிறாளே என்று. மாரி வெள்ளம் நீரேரிக்குள் இறங்கி, மீன் செத்து வெள்ளை வயிறு காட்டி மிதப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடற்கரைக்காரன் எவனும் கடல் உயிரின் தலையில் நல்ல தண்ணீரை ஊற்றமாட்டான். ஆனாலும் அந்தக் கறிக் கதையை அனிற்றாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "சித்தி சொல்லுறது சரி சித்தப்பா," என்றாள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே நின்றுவிடும். நான் ஒவ்வொரு நாளும் அக்கறையாக அதற்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் மீன்பிடிக்காரன் மகள்தான், அவளுக்கும் இது தோன்றவில்லை.

எங்கள் கிணறு உவர். குடிப்பதற்கு வாங்கும் வடிகட்டிய தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து, மெல்ல ஊற்றினேன். ஒரேயடியாக மாற்றினால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்பதால், பல நாட்களாகச் சிறிது சிறிதாக. ஸ்ரெல்லாவின் நாக்குத்தான் எங்களுக்கு அளவுகோல். கடல் தண்ணீரை ஒரு சொட்டு, பெட்டித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்து, போதும் போதாது என்று சொல்லுவாள்.

நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். குணம் வருவது தெரியாது. வந்த பிறகுதான் தெரியும். ஒரு பொழுதுபடும் நேரத்தில் வாய் மூடியிருந்தது. இன்னொரு நாள் ஒரு கொம்பு வெளியே வந்து றாலைத் தொட்டது. ஆனி கழிந்த பிறகு, மடிப்புகளின் அடியில், பால் விடாத பிளேன்ரீ பட்ட துணியைக் கழுவியபின் மிஞ்சும் கறை போல ஒரு நிறம் கண்டேன். ஸ்ரெல்லாவைக் கூப்பிட்டேன். அழுக்காக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் விடிய நான் எழும்பி வந்தபோது, அவள் எனக்கு முதலே வந்து பெட்டிக்கு மேல் குனிந்து நின்றாள்.

பின்வாங்கிய ஓரம் மட்டும் திரும்பவில்லை. அங்கே பாசி படிந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். மற்றதெல்லாம் மண்ணிறமாகிவிட்டது.

ஒருநாள் தண்ணீர் மாற்றும்போது ஸ்ரெல்லாவின் கை வழுக்கி முருகை பெட்டிக்குள் கவிழ்ந்து விழுந்தது. நான் நிமிர்த்தப் போனேன். வந்திருந்த அனிற்றா என்னை மறித்தாள். "விடுங்கோ, அது தானாய்த் திரும்பும்." பொழுதுபடும் நேரம் அதன் ஒரு பக்கம் மட்டும் தண்ணீரை உறிஞ்சி மெல்ல ஊதியது. விடிய எழும்பிப் பார்த்தால் சரிந்து நின்றது. மத்தியானம் நிமிர்ந்து கிடந்தது. காலில்லை, கையில்லை, அவசரமும் இல்லை. கடலடியில் எத்தனை வருடம் திரிந்தும் இதை நான் கண்டதில்லை. அங்கே எனக்கு நேரம் என்பது சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் காற்று. எதையும் நின்று பார்க்க அது போதாது.

நிறம் நிறைய நிறைய எனக்குக் கொடுக்க மனமில்லாமல் போனது. பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டவாக வைத்துக்கொண்டு இருப்பேன். பம்பியின் சத்தம் கிட்டத்தட்ட என் பழைய மூச்சுச் சத்தம். கடலில் எனக்கு மிஞ்சியது இந்தப் பெட்டி அளவுதான், அதையும் கேட்கிறார்களே என்றிருந்தது. கடல் இன்னும் சுடுகிறது என்று அனிற்றாவிடம் சாக்குச் சொன்னேன். அவள் வெப்பமானியை எடுத்துக்கொண்டு தகப்பனோடு கடலுக்குப் போய் வந்தாள். கடல் ஆறிவிட்டது. வாடைக் காற்று தொடங்கினால் படகு போகமுடியாது, இந்தக் கிழமையே விடவேண்டும் என்றாள்.

போகிற அன்று காலை ஸ்ரெல்லா கலனில் முருகையை வைத்து, மேலே ஈரத் துணி போட்டுத் தந்தாள். வலை இழுக்கிற அண்ணைக்கு முக்குளிக்கத் தெரியாது. அனிற்றாவுக்கு நீச்சல் மட்டும் தெரியும். அந்தப் படகில் கடலடிக்கு இறங்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை ஸ்ரெல்லா முதல்நாளே கணக்குப் பார்த்திருக்கிறாள்.

"தட்டை விட்டிட்டு வாங்கோ," என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "நீங்கள் வாங்கோ."

கீழே இறங்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

நெடுந்தீவுக்கு இந்தப் பக்கம், அண்ணை அன்று வலை வைத்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். ஐந்து பாகம் (ஏறக்குறைய முப்பது அடி) ஆழம். முன்பு ஒரு மூச்சில் தொட்டுவிட்டு வரும் ஆழம். முருகையைக் கூடையில் வைத்து இறக்கினேன். ஒரு கயிறு தாங்க, மற்றக் கயிறு கவிழ்க்க. கொஞ்சத் தூரம் அந்த மண்ணிற வட்டம் தெரிந்தது. பிறகு பச்சை மட்டும். என் கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தது. கயிறு தளர்ந்தபோது கூடை மணலைத் தொட்டது தெரிந்தது. மற்றக் கயிற்றை இழுத்தேன். பாரம் போய்விட்டது.

கை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. என் உடம்பு முழுவதும் அந்தக் கைக்குப் பின்னால் போக விரும்பியது. போய்ப் பார்த்து, கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்திவிட்டு வர ஒரு மூச்சுப் போதும். படகு ஒரு பக்கம் சரிவதை உணர்ந்தேன். நான்தான் சாய்ந்துகொண்டிருந்தேன்.

"நிமிர்ந்து விழுந்திருக்குமோடா?" என்று அண்ணை கேட்டார்.

நான் கையை வெளியே எடுத்தேன். "தெரியாதண்ணை. கவிண்டு கிடந்தாலும் நிமிரும். ஆறுதலா நிமிரும்."

கரையில் ஸ்ரெல்லா நின்றாள். வெறுங்கலனை வாங்கிக்கொண்டாள். நான் மெதுவாக இறங்கினேன், முதலில் வலது கால், பிறகு மற்றது. இந்தக் காலின் மேல் எனக்கு முதல் தடவையாகக் கோபம் வரவில்லை.

இப்போதும் றால் உரிக்கும்போது ஸ்ரெல்லா சின்னத் துண்டொன்றைத் தனியே வைக்கிறாள். வைத்த பிறகுதான் நினைவு வந்து, எடுத்துக் கறிக்குள் போடுகிறாள். நான் பார்த்தும் பாராதது போல இருப்பேன். அது பொழுதுபடும் நேரம். அந்த நேரத்தில்தான் என் இடது கால் விறைக்கத் தொடங்கும். அங்கே ஐந்து பாகம் கீழே கொம்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கும். நான் காலைத் தேய்த்துக்கொண்டு, அவசரப்படாமல், இருட்டும்வரை அதோடு இருக்கிறேன்.