எங்கள் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டிய வண்டி

அக்காவின் கணவரான அத்தான், கார் ஷோரூமில் பதினோரு வருடமாக ஒரே ரக வண்டியைத்தான் விற்கிறார். ஐந்து பேர் உட்காரக்கூடிய, நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி. அதன் விலைப்பட்டியலைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மாலையில் பளபளப்பான ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்புக் காலோடு மேட்டில் இருக்கும் வீட்டுக்கு நடந்து ஏறி வருவார்.

வாங்க வருபவர்களுக்கு அவர் வண்டியை ஓட்டிக் காட்டும் இடமும் அதே ஏற்றம்தான். அரை கிலோமீட்டர் மண்ணும் சரளையும், நடுவில் ஒரு பள்ளம். வேறு வண்டி ஏறாது. அதைவிட நல்ல விளம்பரம் ஏது? வாரத்தில் நான்கைந்து முறை வண்டி எங்கள் வாசல்வரை வந்து, திரும்பி, இறங்கிப் போகும். முட்டி தேய்ந்துபோன அக்கா ஜன்னலருகே உட்கார்ந்து பார்ப்பாள். அவள் கீழே இறங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவும் நாற்காலியில், இரண்டு பேர் தூக்கி. ஊழியர் குடும்பத்தை அந்த வண்டியில் ஏற்றக் கூடாது என்பது ஷோரூம் விதி. அத்தான் விதி மீறாதவர்.

நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம், பழைய மாடலில் கடைசி வண்டி தள்ளுபடியில் நின்றது. வங்கியும் கடனுக்குச் சரி என்றிருந்தது. அத்தானிடம் எடுத்துவிடச் சொன்னேன்.

"ரெண்டு மாசம் பொறும்மா. புது மாடல்ல சீட்டு நாலு விரல் தாழ்வு. உங்கக்கா காலைத் தூக்காமலே உக்காரலாம். விலையும் பெருசா ஏறாது. எனக்குத் தெரியாதா?"

"போன தடவை கதவு அகலம்னாரு," என்றாள் அக்கா. "அதுக்கு முந்தி பிரேக்கு. வண்டி வளந்துட்டே போகுது, நான் தேஞ்சுட்டே போறேன்."

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

விற்பவர்களுக்கே உரிய வியாதி அது. அடுத்தது என்ன என்று ஊருக்கு முன்னால் தெரிந்துவிடுவதால், கையில் இருப்பது அவர்களுக்கு எப்போதும் பழசு. அந்தக் கடைசி வண்டியை, "இன்னைக்கே எடுத்துடுங்க சார், நாளைக்கு ஏறிடும்" என்று சொல்லி, அவரே ஒரு பல் டாக்டரிடம் விற்றார். டாக்டர் வீட்டு வாசலில் தார்ச்சாலை.

புது மாடல் வந்தது. சீட்டு சொன்னபடியே தாழ்வு. பெரிய திரை, கூரையில் கண்ணாடி, பின்னால் கேமரா எல்லாம் இருந்தன. நாலு சக்கரமும் இழுக்கும் வசதி மட்டும் விலை கூடிய உச்ச வகைக்குப் போய்விட்டது. அதன் விலை பழையதைப்போல ஒன்றரை மடங்கு. அத்தான் கைக்கு எட்டும் விலையில் இருந்த வண்டிக்கு முன்சக்கரம் இரண்டுதான் இழுக்கும். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது.

அன்று சாப்பிடும்போது அவர் தலை நிமிரவில்லை.

இப்போது ஓட்டிக் காட்டுவது கீழே, பெட்ரோல் பங்க்வரை. அதிகம் விற்கிற, முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியை எங்கள் ஏற்றத்தில் விட்டால் ஏறாமல் நின்று வியாபாரம் கெடும் என்று பாதையை மாற்றி எழுதிக் கொடுத்தவர் அத்தானேதான்.

வண்டிச் சத்தம் நின்று ஒரு வாரம் கழித்து, அக்கா ஜன்னலருகே இருந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கை கொடுக்கப் போனேன், தொடவிடவில்லை.