நொண்டிப் பூனைக்கு மதிலேறக் கற்றுக்கொடுத்த கதை

எங்கள் பூனைக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அவனை "டேய் நாயே" என்றுதான் கூப்பிடுவார். அவனும் மானம் ரோஷம் இல்லாமல் திரும்பிப் பார்ப்பான். வெள்ளையில் கறுப்புத் திட்டு போட்ட கடுவன். பகலெல்லாம் தறிக்குப் பக்கத்தில் தூங்குவான். பொழுது சாய்ந்தால் மதில் மேல் ஏறிவிடுவான். ஆரணியில் எங்கள் தெருவிலிருந்து அடுத்த தெருக் கோடி வரைக்கும் தரையில் கால் படாமல் ஊர்வலம் போய் வருவான். யார் வீட்டில் மீன் குழம்பு, யார் வீட்டில் சண்டை, எல்லாம் அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

அப்படிப்பட்ட துரை ஒரு நாள், நிழலாக இருக்கிறதே என்று லோடு ஆட்டோவுக்கு அடியில் படுத்துவிட்டான். வண்டிக்காரர் பார்க்காமல் பின்னால் எடுத்துவிட்டார். பின்னங்கால் ஒன்று நசுங்கிப்போனது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது புடவை வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் அவனைப் படுக்க வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் பெட்டியைத் தட்டி, "இதுக்கும் டிக்கெட் எடுக்கணுங்க" என்றார்.

"மூணு காலுதாங்க கீது, முக்கா டிக்கெட்டா போடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

கண்டக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். என்னைச் சிரிக்க வைக்கத்தான் அவர் அப்படிப் பேசினார் என்று தெரியும். தெரிந்துதான் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

என் அழுகைக்குக் காரணம் கால் போனதுகூட இல்லை. கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். "காயம் ஆறிடுங்க. ஆனா மதில் ஏறுதான்னு பாத்துட்டுத்தான் வெளிய விடணும். ஏறத் தெரியாத பூனைய தெரு நாய் விடாது. முடியலன்னா ஆயுசுக்கும் வீட்டுக்குள்ளயே வச்சிக்கங்க." எங்கள் தெருவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நாய்க்குப் பஞ்சம் வராது. அன்றிலிருந்து வாசல் கம்பிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோம். சாயங்காலம் ஆனால் போதும், கம்பிக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு மதிலைப் பார்த்து ஒரு கத்தல் கத்துவான் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும். ஊர் சுற்றியே வளர்ந்தவனை ஆயுசுக்கும் எப்படி அடைத்து வைப்பது?

தையல் பிரித்ததும் முதலில் களத்தில் இறங்கியவர் என் வீட்டுக்காரர். நெசவாளி புத்தி எங்கே போகும்?

"இழை அறுந்துச்சுனா அப்படியேவா வுட்டுடுவோம்? வேற இழைய புணைச்சாத்தான தறி ஓடும்? காலும் அப்படித்தாம்மே" என்றார்.

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற தார்க்குச்சி ஒன்றை எடுத்தார். இழைத்தார், தேய்த்தார், நுனியில் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்தார். உறுத்தக் கூடாதென்று மேலே பட்டுக் கழிவைச் சுற்றினார். முகூர்த்தப் புடவைக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த அரக்குப் பட்டு. அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, பார்டர் நல்லா எடுப்பா கீது, முந்தானை எங்க?" என்றாள். அவர் முறைத்தார்.

காலைக் கட்டி விட்டதும் பூனை அசையாமல் நின்றான். எங்களை ஒரு பார்வை பார்த்தான். இரண்டு அடி வைத்தான், சாய்ந்தான், உட்கார்ந்தான், பல்லால் கவ்வி இழுத்து அவிழ்த்தான். அவிழ்த்த காலை எலியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டான். தன் காலைத் தானே வேட்டையாடிய பூனையை அன்றுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்து நான் செய்த கூத்து. நடக்கும்போது அவன் தொப்பென்று சாய்ந்தால் என்னால் தாங்க முடியாது, ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். அவரும் அப்படித்தான். தறி சத்தத்தில் ஒரு சின்ன வித்தியாசம் கேட்டாலே மிதியிலிருந்து காலை எடுத்துப் பழகிய மனுஷன். இவன் 'மியா' என்று ஆரம்பிப்பதற்குள் தறி நின்றுவிடும். கொஞ்ச நாளில் துரை விஷயத்தைப் புரிந்துகொண்டார். தண்ணீர் வேண்டுமா, 'மியா'. வெயில் விழுகிற இடத்துக்கு மாற வேண்டுமா, 'மியா'. ஒருவர் தூக்கிக்கொண்டு போய் வைப்போம். அந்தப் பக்கம் வெயில் போனால் மறுபடியும் 'மியா'. ஆர்டருக்கு நெய்ய வேண்டிய கல்யாணப் புடவை தறியில் முழம்கூட ஏறாமல் கிடந்தது.

ஆறின காயத்தைக் காட்ட உள்ளூர் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பூனையா பூசணிக்காயா?" என்றார். "தூக்கறத நிறுத்துங்க. கீழ விழுந்து விழுந்து எழுந்தாத்தான் மிச்சம் இருக்கற கால்ல பலம் ஏறும். இப்படியே போனா மதில விடுங்க, முறத்துமேலகூட ஏறாது."

வீட்டுக்கு வந்ததும் நான் அவரிடம் சத்தியம் வாங்கினேன். "இனிமே தூக்கனீங்கன்னா பாருங்க." அவர் என்னிடம் வாங்கினார். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தூக்கிக்கொண்டுதான் இருந்தோம் என்பது வேறு விஷயம்.

ஏற வைக்க என்னவெல்லாம் செய்தோம்! செங்கல் அடுக்கிப் படி கட்டினோம். படி உச்சியில் நெத்திலிக் கருவாடு வைத்தோம். அவன் கீழே படுத்துக்கொண்டு கருவாட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்ப்பான். அரை மணி நேரத்தில் கருவாடு தானாகக் கீழே வந்துவிடும். எப்படி வந்தது என்று கேட்டால் என் வீட்டுக்காரர் தறியைப் பார்த்துக்கொண்டு, "காத்துல விழுந்திருக்கும்" என்பார்.

நாத்தனார் ஒரு யோசனை சொன்னாள். "பூனைங்க பாத்துதான் கத்துக்கும் அண்ணி. நீங்க செஞ்சி காட்டுங்க." எனக்கும் அப்போது புத்தி பிசகியிருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு காலை மடக்கி, அவன் முன்னால் நொண்டி அடித்துச் செங்கல் மேல் குதித்தேன். திரும்பக் கீழே குதித்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு. பூனை கொட்டாவி விட்டான். கம்பிக் கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டு அம்மா, வாங்கிப்போன கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னாச்சுமா, கால்ல முள்ளு கிள்ளு ஏறிடுச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அமாவாசை வந்தது. அமாவாசையன்று நாங்கள் தறியில் கை வைக்க மாட்டோம். வீட்டில் கவிச்சியும் கிடையாது. துரைக்குக் காலையில் வெறும் தயிர்ச் சோறு. முகர்ந்து பார்த்துவிட்டு, என் பரம்பரையையே திட்டுவது போலக் கத்திவிட்டுப் போய்ப் படுத்தான். என் வீட்டுக்காரர் குளித்து, அவர் அப்பாவுக்குப் படைத்து, வடை பாயசத்தோடு இலையில் சோறு எடுத்துக்கொண்டு காக்கைக்கு வைக்கக் கிளம்பினார். எப்போதும் மாடியில்தான் வைப்பார். அன்றைக்கு முட்டி வலி. தறி இருக்கிற அறையின் ஜன்னல் திட்டிலேயே வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டார். காக்கை தொட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு. பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டிருந்தது.

ஒரு காக்கை வந்தது. தலையைச் சாய்த்து வடையைப் பார்த்தது.

அறைக்குள் ஏதோ வெள்ளையாகப் பறந்தது. தரையிலிருந்து தறிக்கு, நீள இழைகளாக இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவின் மேல், அங்கிருந்து ஜன்னலுக்கு. காக்கை அலறிக்கொண்டு ஓடியது. ஜன்னல் திட்டில் துரை உட்கார்ந்து, மாமனாருக்கு வைத்த வடையைத் தின்றுகொண்டிருந்தான்.

"ஐயையோ பாவு!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். நகம் பட்ட இடத்தில் இழைகள் அறுந்து, கொத்தாகச் சுருண்டு தொங்கின. எந்த நெசவாளி வீட்டிலும் பாவில் பூனை ஏறினால், அன்றைக்குப் பூனையோ பெண்டாட்டியோ ஒருவர் வெளியே போக வேண்டியதுதான். அவர் கையை ஓங்கியே விட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஏறிட்டாம்மே" என்றார். "ஏய், ஏறிட்டான் பாருமே! டேய் நாயே!"

படையலுக்கு வந்திருந்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு வச்சத பூனை துன்னுகினு கீது, நீ இன்னாண்ணா கூத்தாடிகினு கீற?"

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வேற எல போடு" என்றார் அவர். கண்ணெல்லாம் தண்ணீர். அறுந்த இழையை முடிச்சுப் போட விரல் பரபரக்கிறது, அமாவாசை என்பதால் தொடவும் முடியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தறியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சாயங்காலம் அவன் கம்பிக் கதவுக்குப் போய்க் கத்த ஆரம்பித்தான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"தொறமே" என்றார்.

"நாய் வந்தா?"

"தொற."

தாழ்ப்பாளை எடுத்தேன். அவன் வெளியே போனான். மூன்று காலில் குதித்துக் குதித்துத் தெருவைக் கடந்து எதிர் மதில் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். தெருமுனையில் படுத்திருந்த செவலை நாய் தலையைத் தூக்கியது. அவன் தாவினான். முன்னங்கால் மதில் விளிம்பைப் பிடித்தது, பின்னங்கால் சுவரைச் சுரண்டியது, வழுக்கிக் கீழே விழுந்தான். நாய் எழுந்து நின்றது.

நான் ஓடினேன். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். வளையல் உடைந்தது. "வுடுங்க, கொன்னுடும் அத!" என்று கத்தினேன். அவர் விடவில்லை. நாய் ஓடி வருவது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

நாய் குரைக்கிற சத்தம் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தேன். நாய் மதிலுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் குரைத்தது. மேலே அவன், கொஞ்சம் கோணலாக உட்கார்ந்து முதுகை நக்கிக்கொண்டிருந்தான். நக்கி முடித்ததும் எழுந்து, பழைய வழியில் அடுத்த வீட்டு மதிலுக்குப் போனான். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாருங்களேன், போறான் பாருங்க" என்று சிரித்தேன். என் மணிக்கட்டை இன்னும் விடாமல், கண்ணை இறுக மூடியபடியே, "ஏறிட்டானா?" என்று கேட்டார் அவர்.